இடது கை வரிசை

ஆய்வாளர் வரும் நாளுக்கு முந்தைய மாலை. ஏழாம் வகுப்பு ஆங்கில சார் எங்களைக் கைதூக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். கேள்வி எதுவானாலும் வகுப்பு முழுவதும் கைதூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கைகளை மட்டும் அவர் எழுப்புவார். வந்தவருக்கு எல்லாம் கைகளாகத்தான் தெரியும். எனக்கு விடை தெரியுமா என்று அவர் கேட்கவில்லை; என் பெயரே அவருக்குத் தெரியாது. மீனவர் குப்பமான எங்கள் குருசுக்குப்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையையே விரலால் காட்டி, "நீங்கள்லாம் லெப்ட்டு. மாத்தித் தூக்கி என் மானத்த வாங்குனீங்க, தொலைச்சுடுவேன்" என்றார்.

எனக்கு விடைகள் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பாடத்தைக் கடலைப் பார்த்துக் கத்திக் கத்திப் படித்தவள். மறுநாள் இடது கையைத் தூக்கிக்கொண்டு, என் வாய்க்குள் இருந்த விடைகளை மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதபோது, மீன் அலசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. "எந்தக் கையா இருந்தா என்னாடி? ஆபீசர் எதிர்ல தூக்குனியே, அது போதாதா?" என்று பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சாரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது நானும் ஆங்கில ஆசிரியை. மற்றப் பள்ளிகளின் வகுப்புகளைப் பார்வையிடும் வேலையும் உண்டு. சென்ற ஆண்டு அந்த சாருடைய வகுப்பு என் பங்கில் வந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எத வேணாலும் கேளுங்க மேடம்" என்றார். கேட்டேன். அத்தனை கைகளும் உயர்ந்தன, அதே பழக்கத்தில், வலதும் இடதுமாக.

நான் இடது கைகளை மட்டுமே எழுப்பினேன். முதலில் எழுந்த சிறுமி சாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். தோசை தின்றதையும், பாதியைத் தம்பி பிடுங்கிக்கொண்டதையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள், அதற்கடுத்தவன். சார் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு இனித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆசிரியர் அறையில் நான் யார் என்று சொன்னேன். தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்தது. "நம்ம குருசுக்குப்பம் பொண்ணா! பாத்தீங்களா டீச்சர், நான் உருவாக்குன புள்ள!" என்று தலைமை ஆசிரியையிடம் நெஞ்சை நிமிர்த்தினார். அவர் பயந்து நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். என் படிப்பையும் அல்லவா எடுத்துக்கொள்ளப் பார்த்தார்!

"இல்ல சார். உங்க கிளாஸ்ல என்னய ஒரு வார்த்தை பேச உட்டதில்ல நீங்க. இன்னிக்குப் பேசுன புள்ளைங்களயும்தான்" என்றேன், எல்லோர் முன்னிலையிலும். என் அறிக்கையிலும் அதையே எழுதினேன்.

நான் நன்றி கெட்டவள் என்று சார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும். அப்படிச் சொல்வதற்காவது என் பெயரை அவர் கற்றுக்கொண்டிருப்பார்.