‘இல்லை’ சொல்லப் பழக்கின கதை

என்ர தங்கச்சி சுவிசில ஒரு மலை ஊரில இருக்கிறாள். பள்ளத்தாக்கின்ர கடைசி ஊர் அது. அதுக்கங்கால றோட்டே இல்லை, பஸ் திரும்பித்தான் வரவேணும். நான் ஒருநாளும் அங்க போனதில்லை. ஆனால் ஆறு எந்தப் பக்கத்தால ஓடுது, சத்தம் கேக்குமெண்டு போத்தல் எறியிற தொட்டிக்குக் கிட்ட எந்த நாளில போகக்கூடாது எண்டெல்லாம் கனடாவில, ஸ்காபரோவில இருந்தே எனக்குத் தண்ணிபட்ட பாடு.

ஏனெண்டால் அங்க பிரஜாவுரிமைக்கு ஊர்ச்சனம் கூடிக் கை உயர்த்தவேணும். அதுக்கு முதல் ஊர்த்தலைவரும் நாலைஞ்சு பேரும் கூப்பிட்டுக் கேள்வி கேப்பினம். தங்கச்சி முதல்தரம் போனபோது தலைவர், வயசான மனுசன், “கோடையில எங்கட ஆறு வத்திப்போகும், என்ன?” எண்டு கேட்டிருக்கிறார். கோடையிலதான் பனி உருகி அந்த ஆறு இரைஞ்சுகொண்டு ஓடும். இவள் ஒவ்வொரு வருசமும் பாத்தவள். எண்டாலும், பெரிய மனுசனை எதிர்த்துக் கதைக்கலாமோ எண்டு “ஓம்” எண்டிட்டாள். அது சோதனைக் கேள்வியாம்! ஊரைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில நான்தான் தலைவர்; வேணுமெண்டே பிழையாக் கேப்பன், அவள் ‘இல்லை’ எண்டு திருத்தவேணும்.

“சேர்ச் ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே?”

“ஓம் அக்கா.”

“அடி விசரி, இந்தப் பக்கமெண்டு நீதானே சொன்னாய்!”

“நீங்கள் சொல்லேக்க எப்பிடி அக்கா இல்லையெண்டுறது?”

சின்னனில இருந்தே நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவள். பிழை என்னிலதான். ஆறு மாசம் கழிச்சு ஒருநாள், “இல்லை அக்கா! உங்களுக்கு ஒண்டும் தெரியாது!” எண்டு கத்தினாள். எனக்கெண்டால் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு.

ரெண்டாம்தரம் கேள்வியளைத் தாண்டிட்டாள். மிச்சம் ஊர்க்கூட்டம். அங்க பின்னேரம் ஏழு மணி, இங்க மத்தியானம் ஒண்டு. பக்கத்து ரவுண் மார்க்கம், அங்க நான் வேலைசெய்யிற இடத்து லஞ்ச் றூமில, சோத்தைத் தொடாமல் போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். கை உயர்த்தேக்க அவளை வெளிய விட்டிடுவினம். விறாந்தையில நிண்டு வீடியோவில வந்தாள், முகமெல்லாம் வெளிறிப்போய்.

“அக்கா, கெடுத்துப்போட்டன். தலைவர் என்னை அறிமுகப்படுத்தேக்க, வந்து பத்து வருசமெண்டார். எல்லாருக்கும் முன்னால, ‘இல்லை, பதினாலு’ எண்டிட்டன்.”

“சோதிச்சவரோ?”

“இல்லை அக்கா. மனுசன் உண்மையாவே மாறிச் சொல்லிப்போட்டார்.”

ஊரே பாக்க அந்த மனுசனை வெக்கப்படுத்திப்போட்டாளே. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காப் போச்சே எண்டு என்னையே திட்டினன்.

கதவு திறந்துது. பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிச்சா. போனில எனக்கு முகடு மட்டும்தான் தெரிஞ்சுது.

“என்னடி? எத்தினை கை? சொல்லடி!”

“எல்லாக் கையும் அக்கா! முதல் உயர்ந்தது தலைவரின்ர கையாம்!”

நான் மேசையில அடிச்ச அடியில லஞ்ச் றூமே திரும்பிப் பாத்துது. பாக்கட்டும். நான் கேக்க ஆயிரம் விசயம் கிடந்துது. அவள் விடேல்லை.

“பிறகு கதைக்கிறன் அக்கா, வையுங்கோ. உள்ளுக்கு என்ர ஊராக்கள் பாத்துக்கொண்டு இருக்கினம்.”

என்ர பதிலுக்கும் நிக்காமல் போனை வெட்டிப்போட்டாள்.