அளவு ரவிக்கைக்குப் பின்னிய ஸ்வெட்டர்

மட்டாஞ்சேரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாதது இந்த ஊரின் ஈரம். ஜாடியில் வைத்த உப்பு நீராகிவிடும். தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைக்காவிட்டால் குச்சி பற்றாது. அப்பளம் எண்ணெயைக் காண்பதற்கு முன்பே துவண்டு கிடக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் இந்த ஊரில், மடி நிறையக் கம்பளி நூலை வைத்துக்கொண்டு நான் ஸ்வெட்டர் பின்னியபோது தெருவே எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நூலைத் தொட்டுப் பார்த்து, இது எந்த மிருகத்தின் ரோமம் என்று கேட்டாள். ஆடு என்றேன். கொச்சியில் இத்தனை ஆடு திரிகிறதே, ஒன்றுக்கும் இப்படி இல்லையே என்று அவளுக்குச் சந்தேகம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஸ்வெட்டர் பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கு. எறணாகுளத்தில் ஆஸ்பத்திரி விடுதியில் தங்கி நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். கன்னியாஸ்திரிகள் மூலமாக அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று அவள் அம்மா திரேசியாம்மா தெரு முழுக்க விசாரித்தாள். சொல்லத்தான் ஆள் இல்லை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தபோது எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் சொன்னதுதான் தாமதம், வேலை என் தலையில் விழுந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. பள்ளியில் நான் பின்னியது மொத்தம் ஒரு குழந்தைக் குல்லாயும் இரண்டு காலுறையும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அளவு எடுப்பதில்தான் வினை. நான் பிறந்த கோவில்பட்டியில் எங்கள் தையல்காரர் எந்தப் பெண்ணையும் அளந்தது கிடையாது. பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்புவோம். அதைப் பார்த்துத் தைத்துவிடுவார். இங்கேயும் அதே வழக்கம். ஆகவே நான் அளவு ரவிக்கை கேட்டேன், பிலோமினாவும் இருப்பதிலேயே கச்சிதமான ஒன்றைக் கொடுத்தாள். எனக்கும் அது தவறாகப் படவில்லை, அவளுக்கும் படவில்லை. ஒரு மாதம் பாடுபட்டு, பச்சைக் கம்பளியில் அந்த ரவிக்கையை அச்சு அசலாகப் பின்னி முடித்தேன்.

கப்பலேறப் பத்து நாள் இருக்கும்போது விடுதியிலிருந்து வந்து போட்டுப் பார்த்தாள். கை முழங்கையோடு நின்றது. கீழ்ப்பக்கம் இடுப்புக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் முன்பக்கம் கீழே இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். திரேசியாம்மா அடிப்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். மகள்தான் மெதுவாகச் சொன்னாள்:

"இது ப்ளவுஸ் ஆணல்லோ, சேச்சி."

ரவிக்கையேதான் என்று எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு நான் அழுதேன். முன்பின் பார்த்திராத குளிருக்கு அந்தப் பெண் என்னை நம்பிப் போகிறாள். மறுநாள் படகேறி எறணாகுளத்துக்குப் போய் நூல் வாங்கிய கடையில் கேட்டேன். அந்தப் பச்சை இனி அடுத்த வருஷம்தான் வரும் என்றார்கள். வேறு கம்பளியும் இல்லை. என்னிடம் மிச்சம் இருந்த பச்சை நூல், இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை நீட்டத்தான் காணும். பக்கங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் என்ன செய்வது?

என் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் மப்ளர் இருந்தது. அரக்கு நிறம், கையால் பின்னியது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாகக் குன்னூரில் இருந்தபோது வாங்கியது. கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகும் மார்கழி விடியற்காலை டியூட்டிக்கு அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். கல்யாணமாகி நான் கொச்சிக்கு ரயிலேறிய அன்று, செங்கோட்டைக் கணவாயில் காற்று அடிக்கும் என்று ஜன்னல் வழியாக என் கழுத்தில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை. மட்டாஞ்சேரியில் மப்ளருக்கு என்ன வேலை? வருஷத்துக்கு ஒரு தடவை, மழை விட்டதும் வெயிலில் போட்டு எடுத்து, கற்பூரம் வைத்து மூடுவேன். அதைக் கொடியில் பார்க்கும்போதெல்லாம் திரேசியாம்மாவுக்கு ஆச்சரியம்.

"பாண்டியில தணுப்பு உண்டோ?" என்பாள். பாண்டி என்று அவர்கள் சொல்லும் எங்கள் தமிழ்நாட்டில் புழுதியும் வெயிலும் மட்டும்தான், குளிர் ஏது என்பது அவள் எண்ணம். மார்கழியை நான் எத்தனையோ முறை விளக்கியும் அவள் நம்பியதில்லை.

மப்ளரைப் பிரிக்கப்போகிறேன் என்றதும் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம், உள்ளே இரண்டு சட்டை போட்டுக்கொண்டு சமாளித்துவிடுகிறேன் என்றாள்.

"பொட்டியில கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு நீ போட்டுட்டுப் போ" என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது. முதல் முடிச்சை அவிழ்க்கத்தான் ஒரு பகல் ஆயிற்று.

பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. நனைத்து, நுனியில் அம்மிக் குழவியைக் கட்டி, நீட்டிக் காயப்போட வேண்டும். அடைமழையில் எங்கே காய? திரேசியாம்மா தன் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தந்தாள். மூன்று நாள் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். நூல் காய்ந்ததோடு, அங்கே தொங்கிய உணக்கச் செம்மீனின் கருவாட்டு வாடையையும் வாங்கிக்கொண்டது. பிறகு ஸ்வெட்டரின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து கீழ்வரை நாலு விரல் அகலத்தில் அரக்குப் பட்டை வைத்தேன். அடியில் ஒரு சாணுக்கு அரக்கிலேயே பின்னி இறக்கினேன். புறப்படுவதற்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தது. கையை உயர்த்தினாள், முன்னும் பின்னும் வீசினாள், குனிந்தாள். எங்கும் பிடிக்கவில்லை. அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

நாலு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. திரேசியாம்மா அதை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். சுற்றிலும் வெள்ளைவெளேரென்று பனி. நடுவில் பிலோமினா ஸ்வெட்டரோடு, பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பார்த்தவர்கள் எல்லாரும், ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரே கேள்வி கேட்டார்கள். கடைசியில் திரேசியாம்மா என்னிடமே வந்தாள்.

"ஈ கொச்சு எந்தினா இங்ஙனெ கை பொக்கி நில்க்குந்நது?"

கறுப்பு வெள்ளைப் படம். கையைத் தூக்கியதால் அக்குளிலிருந்து ஒரு பட்டை கறுப்பாக இறங்கி அடிப்பாகத்துக் கறுப்போடு சேர்வது தெரிந்தது. அதன் நிறம் எனக்குத் தெரியும். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பனிக்குள் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.