விளக்கு ஆறும் வரை

காலை 7.10. தென்காசி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜூலை முதல் வாரம். எனக்காக வந்திருந்த டாக்சி, பன்னிரண்டு வருடம் ஓடிய வெள்ளைக் கார். நாள் வாடகை 2,200 ரூபாய். ஓட்டுநர் மாரித்துரைக்கு வயது நாற்பத்தைந்து இருக்கலாம். என் பையை வாங்கி வைத்தவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. முன்பக்கம் போய்க் குனிந்து, பம்பரில் தாழ இருந்த இரண்டு ஃபாக் லைட்டுகளையும் துணியால் துடைத்தார்.

இரண்டுக்கும் முன்னால் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலை இருந்தது. கண்ணாடியோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளிக் கட்டியிருந்தார். வலையில் ஏழெட்டு இடங்களில் பள்ளம்.

"ஒட்டிக் கட்டுனா கல்லு வலையத் தள்ளும், வலை கண்ணாடிய ஒடச்சிரும் சார். எடவெளி வேணும்" என்றார்.

குற்றாலம் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். எந்தக் கல் வந்து அடிக்கும் என்று கேட்டேன். எதிரே கையைக் காட்டினார். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லி ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் பின்கதவு இடுக்கிலிருந்து ஈரத்தோடு சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. "கீழ விழுந்தா போவுதுன்னு விட்டுரலாம். பின்டயர்ல சிக்கித் தெறிக்கும் பாருங்க, அதுதான் எமன்." டிப்பருக்குப் பின்னால் நாற்பதடி விட்டே ஓட்டினார். அந்த இடைவெளியில் மூன்று ஆட்டோக்கள் புகுந்தன. ஒவ்வொரு முறையும் மறுபடி நாற்பதடி பின்வாங்கினார்.

காலை 9.00, ஐந்தருவி. மலையடிவாரம் முழுக்க மூட்டமாக இருந்ததால் ஃபாக் லைட்டைப் போட்டபடியே வந்திருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு ஓட்டுநர் எங்கள் பம்பரைப் பார்த்துவிட்டு, டீக் கிளாஸோடு பக்கத்தில் வந்தார்.

"ஏலே மாரி, லைட்டுக்குக் கொசுவலை கட்டிட்ட. தொட்டில் எப்பம்ல கட்டுத?"

"ஒன் வண்டில ரெண்டு பக்கமும் லைட்டு போயி ஓட்டையாத்தான கெடக்கு. எலி குட்டி போட்டிருக்கும், போயிப் பாரு" என்றார் மாரித்துரை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

காலை 10.40. பழைய குற்றாலம் போகும் வழியில் தாழ்வான ஓரிடத்தில் வாய்க்கால் நிறைந்து சாலையின் குறுக்கே ஓடியது. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பேருந்தும் பைக்கும் கடந்தபடி இருந்தன. மாரித்துரை வண்டியை ஓரங்கட்டி, ஃபாக் லைட்டை அணைத்தார்.

"ரெண்டு நிமிசம் சார். லைட்டு ஆறட்டும்."

கூட்டம் சேர்வதற்குள் அருவிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. "இவ்வளவு தண்ணிக்கா? போகலாம் வாங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாடகைக்கு எடுத்தவன் சொல்கிறான். வண்டியை இறக்கினார். பாதி வழியில் எதிரே வந்த பேருந்து தள்ளிய அலை எங்கள் பம்பரில் மோதியது. விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அக்கரையில் இறங்கிப் பார்த்தோம். வலை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால், இடதுபக்கக் கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை விரிசல். மாரித்துரை கோபப்படவில்லை. வலைக்குள் விரலை நீட்டி விரிசலைத் தடவினார். "நாளைக்கு வேணுங்கறப்பவா இப்படியாவணும்" என்றார், என்னிடம் அல்ல.

பழைய குற்றாலத்தில் எனக்குக் கூட்டமில்லாத அருவி கிடைத்தது. நான்கு படங்கள் எடுத்தேன்.

பகல் 12.30, தென்காசி, செங்கோட்டை சாலையில் ஒரு ஒர்க் ஷாப். மெக்கானிக் மைதீன் பாய் விளக்கைக் கழற்றிக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"கல்லு இல்ல. கொதிக்கற சட்டில பச்சத்தண்ணிய ஊத்திருக்கான். ஏல மாரி, ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவியே, ஒனக்கு என்ன வந்துச்சு?"

"நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றேன். புது விளக்குக்குப் பணம் தருவதாகவும் சொன்னேன்.

"பணம் கெடக்கட்டும் சார்" என்றார் பாய். "இந்த மாடலுக்குச் சாமான் திருநெல்வேலில இருந்து வரணும். நாளைக்கு மத்தியானம் ஆயிரும். இவன் விடியறதுக்கு முன்னால ஆரியங்காவு மலை ஏறணும்லா."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மாரித்துரையின் மனைவி பேச்சியம்மாளுக்குத் திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். எட்டரை மணிக்குள் சீட்டுப் போடாவிட்டால் அன்றைக்கு மருந்து கிடையாது. போன மாதம் பேருந்தை நம்பிப் போய், அது வழியில் பழுதாகி, ஒரு தவணை தள்ளிப்போயிருந்தது. மறுநாள் அடுத்த தவணை. தூரம் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். மாநில எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டினால் மலைச்சாலை, இந்த மாதத்தில் அங்கே மஞ்சு, அதாவது மலைமூட்டம், இறங்கியிருக்கும்.

"பெரிய லைட்டப் போட்டா வெள்ளச் செவரு மாதிரி நிக்கும் சார்" என்றார் மாரித்துரை. "கீழ அடிக்கற இந்த லைட்டுதான் ரோட்டு ஓரத்தக் காட்டும். அதுவும் இந்த இடதுபக்கம்தான்."

பாய் வேலையைத் தொடங்கினார். கண்ணாடியைக் கழுவி, வெயிலில்லாத நாளாகையால், எரியும் பல்புக்கு அருகே பிடித்து உலர்த்தினார். விரிசல் மேல் கட்டியான ஒளிபுகும் ஸ்டிக்கரைக் குமிழி இல்லாமல் ஒட்டி, ஓரத்தில் சிலிக்கோன் பசை பூசினார். அடியிலிருந்த சிறு துளையை மட்டும் அடைக்கவில்லை. "இத அடச்சா உள்ள வேர்த்து லைட்டே மூடிரும். அம்பத்தஞ்சு வாட்டுக்கு மேல பல்பு போடாத. தண்ணில மட்டும் எறக்காத. இன்னொரு தட்டு தாங்காது." கூலி 250 ரூபாய். நான் கொடுத்தேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு மறுநாள் மாலை திருவனந்தபுரத்திலிருந்து ரயில். பேருந்தில் போவதாக இருந்தேன். "எங்க கூட வாங்க. இடதுபக்கம் ஓரம் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்" என்றார் மாரித்துரை.

மறுநாள் காலை 4.15. பேச்சியம்மாள் பின்இருக்கையில், தலையில் துண்டு சுற்றி, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். "சாருக்கும் இட்லி இருக்கு" என்றார். புளியரை வரை சாலை தெளிவாக இருந்தது. கோட்டைவாசலில் மஞ்சு வந்து மூடியது. வேகம் இருபதுக்கு இறங்கியது. நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, விளக்கு காட்டிய வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்: ஒரு அடி, ரெண்டு அடி, கல்லு நிக்கு, போகலாம். என்னை அறியாமல், இந்த ஊர்க்காரர்களைப் போல "நிக்கு" என்று நானும் சொல்லத் தொடங்கியிருந்தேன். ஸ்டிக்கருக்குப் பின்னால் விரிசல், சாலையின் மேல் ஒரு மெல்லிய நிழல்கோடாக விழுந்து எங்களுக்கு முன்னால் ஓடியது.

5.20. ஆரியங்காவுக்குச் சற்று முன்னால், மலையிலிருந்து வழிந்த தண்ணீர் சாலையைக் கடந்தது. மாரித்துரை வண்டியை ஓரமாக நிறுத்தி, ஃபாக் லைட்டை அணைத்து, மஞ்சள் இண்டிகேட்டர்களைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் எண்பது, எண்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் மூவரில் அவசரப்பட உரிமை உள்ளவர் ஒருவர்தான். அவர் பின்னாலிருந்து சொன்னார்: "நல்லா ஆறட்டும். என்னதுக்கு வெரட்டணும்?"

மாரித்துரை இறங்கிப்போய், வலைக்குப் பின்னால் புறங்கையை நுழைத்துக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது போல. திரும்பி வந்து, விளக்கைப் போடாமலே மெதுவாகத் தண்ணீரைக் கடந்தார். அக்கரை ஏறியதும் போட்டார். இரண்டும் எரிந்தன.

8.05க்கு மருத்துவமனை வாசல். மாரித்துரை சீட்டுப் போட ஓடினார். பேச்சியம்மாள் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே நடந்தார்.

சென்னையில் என் காரிலும் இரண்டு ஃபாக் லைட்டுகள் இருக்கின்றன. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவற்றை நான் போட்டதில்லை. ஊர் திரும்பிய மறுநாள் வாசலில் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய குற்றாலத்தில் எடுத்த நான்கு படங்களும் நன்றாகவே வந்திருக்கின்றன. இன்னும் யாருக்கும் அவற்றைக் காட்டவில்லை.