அக்கா சாய்ந்த மேசை

எங்கள் அடுக்குமாடியின் குப்பைத்தொட்டி அருகே மாதம் ஓர் அலமாரியாவது வந்து விழுகிறது. நேற்றைய மழையில் ஒன்று ஊறி, டீயில் விழுந்த பிஸ்கட்போல் உப்பிக் கிடந்தது. ஈர மரத்தூள் வாடை. அந்த வாடை வந்தால் அக்காவின் நினைவு வரும்; அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

இளம்பிள்ளைவாதத்தில் அக்காவுக்கு இடது கால் சூம்பிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் தடி வைத்துக்கொண்டதில்லை. சுவர், கதவு, சாப்பாட்டு மேசை என்று பிடித்துப் பிடித்தே வீடு முழுக்க நடப்பாள். அந்த மேசை, தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த கட்டைகளைச் செந்தூல் ரயில் பட்டறையில் அறுத்து அப்பா செய்வித்தது. பலகையில் ஆணித் துளைகள் அப்படியே இருந்தன; அவற்றில் பட்டாணி போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அக்கா முழு உடம்பையும் சாய்த்தாலும் அது அசையாது.

எண்பதுகளில் கிள்ளானில் வீடு வாங்கினேன். அக்காவும் வந்தாள், மேசையும் வந்தது. முதல் தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ், வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டில் விருந்து. ஆபீஸே திரண்டு வரும். ஓட்டை மேசையில் அவர்களுக்கு எப்படிச் சாப்பாடு வைப்பது? படித்தவனின் கவலை இவ்வளவுதான். புது மேசை பார்க்கப் போனேன். கடைக்காரர், "பாஸ், இத்தாலி டிசைன் லா, கண்ண மூடிட்டு எடுங்க" என்றார். அப்படித்தான் எடுத்தேன்.

பழைய சாமான் லோரிக்காரர் மேசையைத் தூக்கிப் பார்த்து, "அண்ணே, இத விட்டுட்டு வீட்டக் கொடுத்துருங்க, லேசா இருக்கும்" என்றார். சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கு இது பழகிருச்சுடா தம்பி."

"புதுசும் பழகிரும்க்கா."

தீபாவளிக் காலை. முறுக்குத் தட்டோடு வந்தவள், எப்போதும்போல் புது மேசையின் ஓரத்தில் சாய்ந்தாள். மேசைக்கால் பெயர்ந்து வந்துவிட்டது. மரம்போல் கோடு போட்ட காகிதத்துக்கு அடியில் வெறும் தூள். அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. விருந்தாளிகள் வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

பழைய மேசையைத் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை. அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அக்காவும் போய்விட்டாள். இருந்தவரை ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் நாற்காலியோ கட்டிலோ, எதைத் தொடுமுன்னும் சற்று நின்று கேட்பாள்:

"தம்பி, இதப் புடிக்கலாமா?"

நான் போய் ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "புடிச்சுக்கோக்கா" என்பேன்.

இப்போது வீட்டில் எதையும் ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை.