பாதியில் நிறுத்தாத பாட்டு

காய்ச்சல் இறங்கிய அன்று காலை அக்கா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "சாரதா, முத்து வந்துட்டானா?" என்பதுதான். முத்து அவளுடைய ஒரே மகன். அவன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். மூளைக் காய்ச்சல் (மூளையில் வீக்கம் கண்டு வருகிற சுரம்) உயிரை விட்டுவிட்டு ஞாபகத்தைக் கொண்டுபோய்விட்டதாம். கடைசிச் சில வருஷங்கள் திரும்ப வராது. இன்று சொல்வது நாளைக்குத் தங்காது.

"கை கால் பழகினது மட்டும் போகாதும்மா. ஆடறவங்கதானே? ஆட வையுங்க, உடம்பு தேறும்."

மயிலாப்பூரில் கோயில் உற்சவங்களுக்கு ஆடிய குடும்பம் எங்களுடையது. அக்கா ஆடுவாள், நான் பின்னால் நின்று தாளம் போட்டுப் பாடுவேன். முத்து, உப்புச் சட்டத்தை மீறிக் கடற்கரையில் உப்புக் காய்ச்சப் போன கூட்டத்தோடு போனான். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து மூன்றாம் நாள் இறந்தான். அக்கா அழவே இல்லை. ஆறு மாதம் கழித்து அதை ஒரு நாட்டியமாகக் கட்டினாள். ஒரு தாய் வீடு திரும்பிய பிள்ளையின் சட்டையை உதறுகிறாள், உப்பு கொட்டுகிறது. கடைசி அடியில் அதே சட்டையை அவன் உடல்மேல் போர்த்துகிறாள். தியாகராய நகரில் ஒரு கொட்டகையில் ஆடியபோது, எங்கள் ஆட்டத்தையே ஒழிக்க வேண்டுமென்று மேடையில் முழங்குகிற கனவான்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். மறுநாள் போய் முழங்கவும் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், முத்துவைக் கேட்டபோதெல்லாம் "வருவான்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் முகம் தெளிவாக இருந்தது. கால்தான் துவண்டிருந்தது. டாக்டர் சொன்னபடி சின்னச் சின்ன அடவுகளில் (நடனத்தின் அடிப்படை அசைவுகள்) ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்தாள்.

எனக்குப் பேராசை வந்தது. முத்துவுக்காக அவள் கட்டிய அந்த உப்புப் பாட்டை எடுத்தேன். சட்டையை உதறும் இடத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

நிறுத்த முடியவில்லை. எடுத்த பாட்டைப் பாதியில் விட்டு, மங்களம் பாடாமல் எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஐந்து வயதிலிருந்து தொடையில் அடி வாங்கிப் பழகிய வாய் இது. கடைசி அடிக்கு அக்காவின் கை உயர்ந்ததும் வாய் தானாகப் பாடிவிட்டது. அவள் சட்டையை விரித்தாள். போர்த்தினாள். கை அங்கேயே நின்றது.

"இது யாருடி?"

நான் பாவி, மங்களம் பாடிக்கொண்டிருந்தேன்.

"சாரதா, இது முத்துவா?"

இரண்டு வருஷத்து அழுகையை அன்று அழுதாள். மறுநாள் காலை எழுந்து, "முத்து வந்துட்டானா?" என்றாள்.

மறந்துவிட்டாள் என்று நிம்மதிப்பட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு, முந்தின நாள் ஆடிய அதே நேரத்துக்கு, பாட்டே இல்லாமல் அவள் கை உயர்ந்தது. உதறியது. போர்த்தியது. "இது யாருடி?" என்றாள். அன்றிலிருந்து தினமும் இதேதான். ஒருநாள் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். பாதம் தரையில் தாளம் தட்டத் தொடங்கியது.

இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு தேறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல. எனக்கு இது தெரியாமல் போயிற்று.

இப்போது நான் பாடுவதில்லை. மூன்றரை ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முத்து தினமும் காலையில் உயிரோடு இருக்கிறான், சாயங்காலம் சாகிறான். சற்று முன்புகூட அவனுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்திருக்கிறேன்.

இன்னும் நாலு மணி ஆகவில்லை.