அப்பாவுக்குக் கிடைத்த பிளேஸ்மென்ட்

பிழை என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

நான் லண்டனில் கிராபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வருடம் அது. மாணவர்களுக்கான டிசைன் போட்டி ஒன்றுக்கு எங்கள் வகுப்பே விழுந்தடித்து வேலை செய்தது. வென்றவருக்குப் பெயர் பெற்ற ஸ்டூடியோ ஒன்றில் மூன்று மாத பிளேஸ்மென்ட், அதாவது வேலைப் பயிற்சி. அது கிடைத்தவள் டிசைனர் ஆவாள், கிடைக்காதவள் சொந்தக்காரரின் கடைக்கு விளம்பரப் பலகை கீறிக்கொண்டே கிழவியாவாள் என்று நான் உறுதியாக நம்பினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு மருந்துப் பெட்டி செய்தேன். அம்மாவின் பிரஷர் குளிசைகளை மேசையில் பரப்பிவைத்து, எதைக் காலையில் எடுப்பது, எதை இரவில் எடுப்பது என்று அவர் எப்படி நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டுக் கேட்டு வரைந்தது.

ஒப்படைக்கும் நாளில், டிசைனை ஒட்டிய அட்டைகளின் பின்புறம் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொன்னார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொப்பி அட்டையில் பெயர் எழுதிய பழக்கத்தில் என் கை அப்பாவின் பெயரை முன்னால் முழுதாக எழுதி, என் பெயரைப் பின்னால் போட்டது. லண்டனுக்கு வந்து ஏழு வருடம். கவுன்சில், காலேஜ், பஸ் பாஸ் என்று நூறு படிவம் நிரப்பியவள்தான். ஆனால் படிவத்தில் கட்டங்கள் இருக்கும், நானும் கவனமாக இருப்பேன். அட்டையின் பின்புறத்தில் கட்டம் இல்லை. முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கப்படி அது சரிதான்.

அப்பா எங்களோடு இல்லை. அம்மாவும் நானும் முதலில் வந்தோம், அவர் பின்னால் வருவதாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு என்று புறப்பட்டவர் கொழும்புக்கு வந்து சேரவில்லை. எந்தச் சோதனைச் சாவடியில், எந்த நாளில் காணாமற்போனார் என்று யாருக்கும் தெரியாது. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அம்மா எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். லண்டனின் தெற்கே சட்டனில் இருக்கும் மாமா வரும்போதெல்லாம், "தங்கச்சி, இனியாவது அவருக்கு ஒரு திவசத்தைச் செய்" என்பார்.

"திதி தெரியாமல் என்னெண்டு அண்ணை திவசம் செய்யிறது?" என்று அம்மா கேட்பார். மாமா தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்குவார். அம்மாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கேள்வி.

ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து லூயிஷாம் வீட்டுக்கு வந்தேன். அம்மா நல்ல சேலை உடுத்திக் கதவடியில் நின்றார். ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்தால் வழக்கமாகப் படுத்துவிடுகிறவர்.

"பிள்ளை, போன் வந்தது. அப்பாவின்ரை பேரைச் சொல்லிக் கேட்டவை. அவருக்கு ஒரு பிளேஸ் கிடைச்சிருக்காம்."

கையில் துண்டுக் காகிதம். அதில் ஒரு நம்பர்.

"எந்த பிளேஸ் எண்டு எனக்கு விளங்கேல்லை. மண்டே எண்டு சொன்னவை. நீ எடுத்துக் கதை."

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்திருந்தது. எங்கோ ஒரு முகாமிலிருந்து யாரோ திரும்பி வந்தார்களாம் என்ற கதை கோயிலில் வாராவாரம் கேட்கும். நானும் நம்பினேன், பொய் சொல்லமாட்டேன். நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் உற்சாகமாக அப்பாவின் பெயரைச் சொல்லி, அது நான்தானா என்று கேட்டாள். பிறகு வாழ்த்துக்கள் என்றாள். மருந்துப் பெட்டி நடுவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது, திங்கட்கிழமை பரிசளிப்பு, அதோடு பிளேஸ்மென்ட் என்றாள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போனை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றியை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன். அம்மா உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து சோறு போட்டார். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போகும்போது மட்டும், "பேரை மாத்தச் சொல்லாதை. இருக்கட்டும்" என்றார்.

நான் மாற்றச் சொல்லவில்லை. அம்மாவுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். பெயரைத் திருத்தப் போனால் பரிசு கைநழுவிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

பரிசளிப்பு மண்டபத்தில் அப்பாவின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். கூட்டம் கைதட்டியது, ஒருவரும் எழும்பவில்லை. வாசல் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக நானும் அவர் வருகிறாரா என்றுதான் பார்த்தேன். பக்கத்திலிருந்த தோழி இடித்த பிறகே எழுந்து போனேன்.

ஸ்டூடியோவில் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை தந்தார்கள். என் படம், அப்பாவின் பெயர். மூன்று மாதமும் அவர் அங்கே வேலை செய்தார். ஷாம்பு லேபிளின் மூலைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார், அட்டை வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார், எல்லோருக்கும் தேநீர் போட்டார். யாராவது என் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடித் திரும்பினேன். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவேயில்லை.

அம்மா பின்னேரங்களில் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்பார்: "இண்டைக்கு அப்பாவின்ரை பேரைக் கூப்பிட்டவையே?"

"ஓம் அம்மா, கூப்பிட்டவை."

இரண்டாம் மாதம் ரிசெப்ஷனில் இருந்த பெண் என்னைக் கேட்டாள். ஒரு அம்மா அடிக்கடி மத்தியானம் போன் செய்து உன் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்கிறார். இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றால், "நோ, நோ, தேங்க் யூ வெரி மச்" என்று வைத்துவிடுகிறார், யார் அது? தெரியாது என்றேன். அவசரத்துக்கு என்று ஸ்டூடியோ நம்பரை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான். அம்மாவிடமும் நான் கேட்கவில்லை. அவர் இருக்கிறார் என்று ஒருத்தி வேலை மினக்கெட்டுச் சொல்கிறாள், அம்மா கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமையோடு பிளேஸ்மென்ட் முடிந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் வந்தபோது அம்மா போனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"எடுத்துக் கேட்டனான். அவர் வெள்ளிக்கிழமை போயிட்டாராம்."

"அம்மா, அது நான். நான்தான் வெள்ளிக்கிழமை முடிச்சனான். உங்களுக்குச் சொன்னனான் எல்லோ."

"ஓம், தெரியும்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "எங்கை போனவர் எண்டும் கேட்டனான். அது தெரியாதாம்."

ஏழு வருடத்தில் அம்மா தட்டிய கதவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். எல்லாரும் தகவல் இல்லை என்றார்கள். அவர் எப்போது போனார் என்று ஒருவரும் ஒரு நாளைச் சொன்னதில்லை. ஷாம்பு லேபிள் செய்யும் இடத்தில் இருந்த ஒரு பெண்தான் முதன்முதலாகச் சொன்னாள்.

"பிள்ளை," என்றார் அம்மா, "அந்தக் கலண்டரை எடு. வெள்ளிக்கிழமை என்ன திதி எண்டு பார்."

கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பாவை நான்தான் அந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், நானே அங்கே தொலைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. வால்தம்ஸ்டோ தமிழ்க் கடையிலிருந்து வாங்கிவந்த தமிழ்க் கலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கியது. கழற்றிக்கொண்டு வந்து பார்த்தேன்.

"தேய்பிறை ஏகாதசி, அம்மா."

அம்மா அதை மெதுவாக ஒருதரம் திருப்பிச் சொன்னார். பிறகு சட்டனுக்குப் போன் எடுத்தார். "அண்ணை, திதி தெரிஞ்சிட்டுது" என்றார்.

அப்பாவின் திவசத்தை நாங்கள் இன்றைக்கும் அந்தத் திதியில்தான் செய்கிறோம். அது நான் வேலை முடித்து, அவருடைய அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாள்.