எதிர்க்கடைக்காரர் தராத மருந்து

1. இருமிக் காட்டுங்க

முருகானந்தம் கடை திறந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் பார்மசிஸ்டாக இருந்தேன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாகக் கவுன்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அவர் திறந்தது நாட்டு மருந்துக்கடை, எங்களுக்கு நேர் எதிரே. என்னைவிட இருபது வயது சின்னவர், படிப்பு பத்தாம் வகுப்பு. என் டி.பார்ம் சான்றிதழ் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். இருந்தும் தாய்மார்கள் என்னிடம் வந்தால் போனில் ஒரு பாட்டில் படத்தைக் காட்டி, "இதே குடுங்க மேடம்" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. அவரிடம் போனால், "அண்ணே, பாப்பா ராத்திரி பூரா தூங்கல" என்று வீட்டுக் கதை முழுவதும் வரும்.

அவர் கேட்பது ஒரே கேள்வி. "எப்படி இருமுது? இருமிக் காட்டுங்கக்கா."

நடுத்தெருவில் நின்று அந்தப் பெண்களும் இருமிக் காட்டுவார்கள். வறட்டு இருமல், சளி இருமல், நாய் குரைப்பது போல ஓர் இருமல். இவர் கேட்டுவிட்டுச் சித்தரத்தையோ அதிமதுரமோ மடித்துக் கொடுப்பார். சில பேரிடம், "வீட்டுல கற்பூரவல்லி இருக்குல்ல? அதுவே போதும்" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். மறுபடி அவரிடமே வருவார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் முதலாளி வேறு, "நீங்களும் கொஞ்சம் சிரிச்சுப் பேசலாம்லம்மா" என்றார். என் சொந்த மகள் அவர் கடையில் சித்தரத்தை வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவர் எப்போது தவறு செய்வார் என்று காத்திருந்தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. என்றைக்காவது கொடுப்பார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஒருநாள் கைக்குழந்தைக்காரி தேன் கேட்டாள். "ஒரு வயசு முடியட்டும்க்கா, இப்ப தேன் வேணாம்" என்றார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. லால்குடி பஸ்

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஒரு பெண் தோளில் பையனைச் சாய்த்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். இந்த முறை அவர் இருமிக் காட்டச் சொல்லவில்லை. பையனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ சொன்னார், தலையாட்டி மறுத்தார். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த அண்ணன் மருந்து தர மாட்டேங்கிறாங்க மேடம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. ரெண்டு ராத்திரியா இருமுறான். லால்குடி பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஏதாச்சும் டானிக் குடுங்க."

"வயசு என்ன?"

"ரெண்டு முடிஞ்சிருச்சு."

அவருடைய வாடிக்கையாளர் என்னிடம் வந்துவிட்டாள். எனக்கு அந்தச் சந்தோஷம் மட்டும்தான் தெரிந்தது. "அவருக்கு என்னங்க தெரியும்? இத பாதி மூடி குடுங்க, தூங்கிடுவான்" என்று சிரப்பை எடுத்துக் கொடுத்தேன். நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த வரியைக் காட்டுகிறவளே நான்தான்.

அவள் போனதும் எதிர்க்கடையைப் பார்த்தேன். முருகானந்தத்தின் முகம் சுருங்கியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவரோ ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"மேடம், மருந்து குடுத்துட்டீங்களா? பையனுக்கு விலாவுக்குக் கீழ உள்ள இழுக்குது. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பையனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு அந்தத் தூக்க சிரப் மூச்சையே அடக்கிவிடலாம்.

வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், தேங்காய்ப்பூ விற்கிறவர்களையும் ஷேர் ஆட்டோக்களையும் இடித்துக்கொண்டு ஓடினேன். லால்குடி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மூடியில் மருந்தை ஊற்றிவிட்டாள். ஏறி அதைத் தட்டிவிட்டேன். சேலையெல்லாம் சிவப்பாகக் கொட்டியது.

"குடுக்காதீங்க. நான் தப்பாக் குடுத்துட்டேன்."

"நீங்கதானே மேடம் தூங்கிடுவான்னு சொன்னீங்க?"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. பையனின் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்தது. இருவரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினால் முருகானந்தம் ஆட்டோவோடு நின்றார்.

பெரியாஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நிமோனியா. டாக்டர், "தூங்க வைக்கிற மாதிரி இருமல் மருந்து எதுவும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். அது பொய்யாகாமல் போனது என் புத்தியால் அல்ல. பையன் பிழைத்துக்கொண்டான்.

3. கற்றுக்கொண்டது

முருகானந்தம் இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பிள்ளைகளே, வேறொரு கடைக்காரர் மருந்து தர மறுத்து அனுப்பியவர் உங்களிடம் வந்தால், முதலில் அவர் ஏன் அனுப்பினார் என்று கேளுங்கள். தோளில் இருக்கும் குழந்தையை மடியில் வைக்கச் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கி மூச்சைப் பாருங்கள். சித்தரத்தையா சிரப்பா என்ற சண்டை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் பையனோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். முதலில் எதிர்க்கடைக்குத்தான் போனாள். "அண்ணே" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. பிறகு ரோட்டைத் தாண்டி வந்து பையனைக் கவுன்டர் மேல் உட்கார வைத்தாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் சட்டையைத் தானே தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க மேடம்."

பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. அவள் போகும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.